காய்ச்சலுக்குப் பின் ருசி தெரியாமல் போனால்

காய்ச்சல் விட்டு நான்கைந்து நாள் ஆகியிருக்கும். உடம்பு தேறி வருகிறது, பசிக்கவும் செய்கிறது. தட்டின் முன் உட்கார்ந்தால்தான் சங்கடம்: சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2020-இல் கொரோனா பரவியபோது வீட்டுக்கு வீடு இதைத்தான் சொன்னார்கள். அதற்கு முன்பும் சாதாரணச் சளியாலும் இன்ஃபுளுயன்சாவாலும் ருசி, வாசனை இழந்தவர்கள் இருந்தார்கள். "அதெல்லாம் தானாச் சரியாயிடும்" என்பதற்கு மேல் அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பலருக்குத் தானாகச் சரியாகத்தான் செய்கிறது. சரியாகும்வரை எப்படிச் சாப்பிடுவது, எப்படிப் பத்திரமாக இருப்பது, சரியாகாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

இதில் வரிசை முக்கியம். ருசி போனதும் நேராக ஊறுகாய் ஜாடியையோ மருந்துக்கடையையோ தேடிப் போகிறவர்கள் அதிகம். அதற்கு முன்னால் மூன்று வேலைகள் இருக்கின்றன: பிறருக்குத் தொற்றாமல் பார்ப்பது, போனது எது என்று கண்டுபிடிப்பது, அடுப்படியைப் பத்திரப்படுத்துவது.

முதலில்: தொற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள்

இந்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜூன் 13 அன்று, வாசனை அல்லது சுவை இழப்பைக் கொரோனா அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்தது. பின்னால் வந்த ஒமிக்ரான் வகையில் இந்த அறிகுறி குறைந்தது, ஆனால் மறையவில்லை. ஆகவே திடீரென்று ருசி போனால், காய்ச்சல் இல்லாவிட்டாலும்:

1. முகக்கவசம் அணியுங்கள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் இருக்கும் அறையில் உட்காராதீர்கள்.
2. வீட்டிலேயே செய்யும் கொரோனா சோதனை அட்டை கிடைத்தால் பார்த்துவிடுங்கள். தொற்று இல்லை என்று காட்டினாலும் அறிகுறி தொடர்ந்தால் ஓரிரு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.
3. உங்கள் டம்ளர், தட்டு, ஸ்பூன் தனியாக இருக்கட்டும். "இதுல உப்பு இருக்கா பாரு" என்று எச்சில் கரண்டியை நீட்டும் வழக்கத்தை இந்த நாட்களில் அடியோடு நிறுத்துங்கள்.
4. என்று தொடங்கியது, அன்று என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த நோட்டு கடைசிவரை உதவும்.

காத்திருக்கக் கூடாதவர்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

- மூச்சுத்திணறல், அல்லது விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே.
- முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, கை கால் தளர்வது. இது பக்கவாதமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.
- நாக்கின் ஒரு பாதியில் மட்டும் ருசி இல்லை, அதே பக்கக் காதில் வலியோ கொப்புளமோ இருக்கிறது. அக்கி வைரஸ் முக நரம்பைத் தாக்கும்போது இப்படி வரும். மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் பலன் அதிகம்.
- கன்னத்திலோ கண்ணைச் சுற்றியோ வலி, வீக்கம், மூக்கிலிருந்து கருமையாக வடிவது. குறிப்பாகச் சர்க்கரை நோயாளிக்கு. 2021-இன் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை இப்படித்தான் வெளிப்பட்டது.
- தலையில் அடிபட்ட பிறகு வாசனை போனால்.

போனது நாக்கா, மூக்கா?

ருசி என்று நாம் அனுபவிப்பதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. உணவை மெல்லும்போது அதன் மணம் தொண்டையின் பின்புறமாக ஏறி மூக்கின் உச்சிக்குப் போகிறது. நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, அத்துடன் தக்காளியிலும் காளானிலும் கருவாட்டிலும் இருக்கும் உமாமி, இவ்வளவுதான். காரம் ருசிக் கணக்கில் சேராது. அது எரிச்சல், அதற்கு வேறு நரம்பு. இந்த அளவுக்குத் தெரிந்தால் போதும், சோதனைக்குப் போகலாம்.

*தயாரிப்பு.* காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட பொழுதில் செய்யுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காபி, வெற்றிலை, புகை, பல் துலக்குவது எதுவும் வேண்டாம். வாயை வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். கண்ணாடியில் நாக்கைப் பாருங்கள்: வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் படிந்து, வழித்தால் எரிந்து சிவந்தால் அது வாய்ப் பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு இது வரும். அப்படியென்றால் சோதனை தேவையில்லை, மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்குக் கேட்கும் கோளாறு அது.

உங்களுக்கு இன்னொருவர் துணை வேண்டும். நீங்கள் இன்னும் தொற்றுக் காலத்தில் இருந்தால், அவர் பொருட்களைத் தயார் செய்து வைத்துவிட்டு, முகக்கவசத்துடன் ஜன்னல் பக்கம் தள்ளி நிற்கட்டும்.

*நாக்குச் சோதனை*

1. நான்கு டம்ளரில் அரை டம்ளர் தண்ணீர். ஒன்றில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒன்றில் கால் தேக்கரண்டி உப்பு, ஒன்றில் அரை எலுமிச்சைச் சாறு, ஒன்றில் கொஞ்சம் காபி டிகாக்‌ஷன். ஐந்தாவதாக ஒரு டம்ளர் வெறும் தண்ணீர்.
2. டம்ளர்களின் வரிசையைத் துணைக்கு வந்தவர் மாற்றி வைக்கட்டும். நீங்கள் கண்ணை மூடி, மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.
3. ஒரு ஸ்பூன் வாயில் விட்டு, நாக்கு முழுக்கப் படும்படி சுழற்றி, என்ன என்று சொல்லிவிட்டுத் துப்புங்கள். அடுத்ததற்கு முன் கொப்பளியுங்கள்.
4. மூக்கைப் பிடித்த கையை நடுவில் எடுக்காதீர்கள். எடுத்தால் சோதனை கெட்டுவிடும்.

புளிப்பையும் கசப்பையும் மாற்றிச் சொல்வது நல்ல உடம்புக்காரர்களிடமும் சகஜம். அதை வைத்துப் பயப்பட வேண்டாம். சர்க்கரையும் உப்பும் இரண்டுமே தெரியவில்லை, வெறும் தண்ணீரிலிருந்து பிரித்தறிய முடியவில்லை என்றால்தான் நாக்கும் பாதிக்கப்பட்டிருக்கிறது.

*மூக்குச் சோதனை*

1. சிறு கிண்ணங்களில் காபித்தூள், நசுக்கிய ஏலக்காய், எலுமிச்சைத் தோல், மல்லிகைப் பூ. ஒரு கிண்ணம் காலியாக இருக்கட்டும். தெரியாமலே "தெரிகிறது" என்று மனம் சொல்வதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.
2. கண்ணை மூடி, ஒரு நாசியை அடைத்து, மறு நாசியால் மெதுவாக முகருங்கள். பிறகு மற்ற நாசி.
3. தைலம், விக்ஸ், கற்பூரம், அமிர்தாஞ்சன் இவற்றை வைத்துச் சோதிக்காதீர்கள். இவற்றின் குளிர்ச்சியும் சுரீரென்ற எரிச்சலும் வாசனை நரம்பே இல்லாதவருக்கும் தெரியும். "விக்ஸ் தெரியுதே, அப்போ மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்று ஏமாந்தவர்கள் நிறைய.

*மிட்டாய்ச் சோதனை.* மேலே உள்ளதைச் செய்ய நேரமில்லாதவர்களுக்கு இது ஒன்றே போதும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரஞ்சு மிட்டாயை வாயில் போடுங்கள். இனிப்பும் லேசான புளிப்பும் மட்டும் தெரியும். அரை நிமிடம் கழித்து மூக்கை விடுங்கள். ஆரஞ்சு மணம் குபீரென்று வந்தால் மூக்கு வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் போனது மூக்கு.

பெரும்பாலானவர்களுக்கு மூக்குதான் போயிருக்கும். நாக்கின் சுவை மொட்டுச் செல்கள் ஏறத்தாழ பத்து நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்பவை. அதனால் நாக்கு பொதுவாகச் சீக்கிரம் தேறும். கொரோனா வைரஸ் மூக்கின் உச்சியில் வாசனை நரம்புகளைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களைத் தாக்குகிறது. அவை சீரானால் சில வாரங்களில் வாசனையும் வந்துவிடும். சேதம் நரம்புவரை போயிருந்தால் மாதக்கணக்கில் ஆகும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வந்த கணக்கின்படி, கொரோனாவால் வாசனையோ சுவையோ இழந்தவர்களில் ஆறு மாதத்துக்குப் பிறகும் மீளாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர்.

மூக்கு அடைத்திருந்தால் அடைப்பு நீங்கும்வரை எந்தச் சோதனையையும் நம்பாதீர்கள். வாய் கசக்கிறது, உலோகம் நக்கினாற்போல் இருக்கிறது என்பவர்கள் மாத்திரை அட்டையைப் பாருங்கள்: மெட்ரோனிடசோல், கிளாரித்ரோமைசின் போன்றவை அந்தக் கசப்பைத் தரும். மருந்து முடிந்தால் கசப்பும் முடியும். அதற்காகப் பாதியில் நிறுத்தக் கூடாது.

அடுப்படியைப் பத்திரப்படுத்துங்கள்

வாசனை போனவர் வீட்டில் சமைப்பவராக இருந்தால், சாப்பாட்டைப் பற்றி யோசிக்கும் முன் இதை முடியுங்கள். தனியாக வசிப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை உங்கள் மூக்குக்கு இப்போது வந்து சேராது.

1. ஒவ்வொரு சமையலும் முடிந்ததும் பர்னரை மட்டும் மூடாமல் ரெகுலேட்டரையும் மூடுங்கள். இரவில் படுக்கும் முன் கையால் தொட்டுப் பாருங்கள்.
2. வாரம் ஒருமுறை சோப்பு நுரையை ரப்பர் குழாயிலும் இரு முனைகளிலும் தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.
3. குழாயில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். கடந்திருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள்.
4. கசிவு காட்டும் கருவி வாங்குவதாக இருந்தால் பொருத்தும் இடத்தைக் கவனியுங்கள்: சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். அதனால் கருவியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பொருத்த வேண்டும். குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு இலேசானது, மேலே போகும். அதற்குக் கருவி கூரைப் பக்கம் இருக்க வேண்டும். இதை மாற்றிப் பொருத்தினால் கருவி இருந்தும் பயனில்லை.
5. கசிவு என்று சந்தேகம் வந்தால்: எந்த மின் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறிய பிறகு, வெளியில் நின்று 1906-ஐ (இந்தியாவில்) அழையுங்கள்.

அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு அறைக்குள் போனால் கைப்பேசியில் மணி வையுங்கள். பால் பொங்குவதும் குழம்பு அடிப்பிடிப்பதும் இத்தனை நாள் உங்களுக்கு மூக்கு வழியாகத்தான் தெரிந்தது.

கெட்டுப்போன உணவைக் கண்டுபிடிக்கக் கண்ணையும் தேதியையும் நம்புங்கள். இட்லி மாவு டப்பாவில் அரைத்த நாளை எழுதி ஒட்டுங்கள். தேங்காய்ச் சட்னியை அன்றே முடியுங்கள். வடித்த சோற்றை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் குளிர்பெட்டிக்குள் தள்ளுங்கள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள்: சிவப்பாக இருக்க வேண்டும், கண் தெளிவாக முட்டிக்கொண்டு இருக்க வேண்டும், சதையை அழுத்தினால் குழி நிற்காமல் எழும்ப வேண்டும். சந்தேகமிருந்தால் வீட்டில் இன்னொருவரை முகரச் சொல்லுங்கள், ஆளில்லையென்றால் கொட்டிவிடுங்கள். பிறருக்குச் சமைக்கும் போது உப்பையும் மிளகாய்த்தூளையும் கைக்கணக்கில் போடாமல் ஸ்பூன் கணக்கில் போடுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில், துணி நனைந்ததா என்று மணத்தை வைத்துப் பார்க்காமல் நேரம் வைத்துப் பாருங்கள்.

சாப்பிடுவது எப்படி

இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். ருசி தெரியாதபோது ஒரு சாரார் சாப்பிடுவதையே குறைக்கிறார்கள். இன்னொரு சாரார் உப்பையும் காரத்தையும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு முதலாவது ஆபத்து. வழக்கமான மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சாப்பாடு குறைந்திருக்கிறது என்பதை மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

உப்பு விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக. அதாவது ஒரு தேக்கரண்டி, அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் சேர்த்து. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாக்கைக் கேட்டு உப்புப் போட்டால் இரண்டு வாரத்தில் அழுத்தம் ஏறி நிற்கும். காரத்தை ஏற்றினால் மூக்கு சீக்கிரம் திரும்பும் என்ற நம்பிக்கை தவறு, வயிறுதான் எரியும். கொரோனாவில் சிலருக்குக் காரம்கூட மங்கிவிடும், எவ்வளவு போட்டோம் என்றே தெரியாது.

மிச்சம் இருக்கும் புலன்களுக்குச் சமைப்பதே வழி. நாக்கு நன்றாக இருந்தால் புளிப்பு உங்கள் தோழன். எலுமிச்சைச் சாதம், மாங்காய்ப் பச்சடி, தக்காளி ரசம், மோர்க்குழம்பு இவை வெறும் பொங்கலையும் பருப்புச் சாதத்தையும்விடத் தெளிவாகத் தெரியும். உமாமிக்குத் தக்காளியை நன்றாகச் சுண்ட வதக்குங்கள், காளான் சேருங்கள், அசைவம் உண்பவர்கள் நெத்திலிக் கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டுச் சமையுங்கள். இஞ்சி, மிளகு, புதினா வாயில் ஓர் உணர்ச்சியைத் தரும்.

மெல்லுவதில் இருக்கும் சுகத்தை யாரும் சொல்வதில்லை. எல்லாம் குழைந்த ஒரே பதத்தில் இருந்தால் வாய்க்கு ஒன்றுமே கிடைக்காது. ஒரே தட்டில் நறுக்கென்ற வெள்ளரி, குளிர்ந்த தயிர், சூடான இட்லி, மேலே வறுத்த வேர்க்கடலை என்று வையுங்கள். சுண்டலில் பச்சை மாங்காய்த் துண்டு போடுங்கள். கேரட், கொத்தமல்லி, மாதுளை முத்து என்று நிறம் கண்ணுக்குத் தெரியட்டும். பசி கண்ணாலும் வரும்.

நிறையச் சாப்பிட முடியவில்லையென்றால் மூன்று வேளையை ஐந்தாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வேளையிலும் புரதம் ஏதாவது ஒன்று: முட்டை, பருப்பு, தயிர், சுண்டல், மீன். வாரம் ஒருமுறை அதே நேரத்தில் எடை பாருங்கள். 60 கிலோ உள்ளவர் 3 கிலோ குறைந்தால் இனி வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "என்ன செஞ்சு போட்டாலும் மூஞ்சியைச் சுளிக்கிறாங்க" என்று சமைத்தவருக்கு வருத்தம் வருவது இயல்பு. ஆனால் சாப்பிடுகிறவர் நடிக்கவில்லை. உங்கள் கைமணம் அவரை எட்டவில்லை, அது அவருக்கும் பெரிய துக்கம். "சும்மா கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்று சொல்லாதீர்கள். அவருக்கு இன்று எது இறங்கும் என்று கேட்டுச் செய்யுங்கள்.

மூக்குக்குப் பயிற்சி

இரண்டு வாரமாகியும் வாசனை திரும்பவில்லையென்றால் பயிற்சியைத் தொடங்குங்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மெல் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட முறை இது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற நான்கு மணங்களை, தினம் இருமுறை, 12 வாரம் முகர்ந்தவர்களுக்கு, முகராதவர்களைவிட வாசனை உணர்வு கூடியது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் செலவு குறைவு, பக்கவிளைவு இல்லை, நம் வீட்டிலேயே பொருட்கள் இருக்கின்றன. ஆகவே தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

*தேவையானவை.* மூடியுள்ள நான்கு சிறு கண்ணாடிப் புட்டிகள், பஞ்சு. ரோஜாவுக்குப் பன்னீர் ரோஜா இதழ் அல்லது நல்ல ரோஜா எண்ணெய். எலுமிச்சைக்குப் புதிதாகச் சீவிய தோல். கிராம்பைக் கரகரப்பாக நசுக்கியது. ஊட்டியில் விற்கும் யூகலிப்டஸ் தைலத்தில் இரண்டு சொட்டு பஞ்சில்.

1. புட்டிகளின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள். இது பரீட்சை இல்லை. எதை முகர்கிறோம் என்று தெரிந்தே முகர வேண்டும்.
2. காலை காபிக்கு முன், இரவு படுக்கும் முன் என்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியை அணையுங்கள்.
3. புட்டியை மூக்குக்கு ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து, 15 முதல் 20 விநாடி, சின்னச் சின்னதாக முகருங்கள். ஓங்கி இழுத்தால் மணம் மேலே தங்காது.
4. முகரும்போது அந்த மணத்தை நினைவிலிருந்து எழுப்புங்கள். கிராம்பென்றால் வெற்றிலைத் தட்டோ, பல்வலிக்குப் பாட்டி வைத்த கிராம்போ, உங்களுக்கு எது வருமோ அது. ஒன்றும் தெரியாத நாட்களிலும் இதை விடாதீர்கள்.
5. அரை நிமிடம் இடைவெளி விட்டு அடுத்த புட்டி. மொத்தமே ஐந்து நிமிடம்.
6. இதழையும் தோலையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கிராம்பையும் தைலத்தையும் மணம் குன்றும்போது மாற்றுங்கள்.
7. வாரம் ஒருநாள், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மணத்துக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதுங்கள். தினம் போட்டால் மாற்றம் தெரியாமல் சோர்ந்துபோவீர்கள்.

12 வாரம் முடிந்தும் குறை இருந்தால் நிறுத்தாமல் வேறு நான்கு மணங்களுக்கு மாறுங்கள்: மல்லிகை, ஆரஞ்சுத் தோல், ஏலக்காய், கொளுத்தாத சாம்பிராணி.

*எச்சரிக்கை.* தைலத்தை மூக்குக்குள் விடாதீர்கள், நாக்கில் வைக்காதீர்கள். யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் குழந்தை வாய்க்குள் போனால் வலிப்பு வரும். புட்டிகளை எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தைலத்தை விட்டுவிட்டு சோம்பு வைத்துக்கொள்ளலாம்.

பலர் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கைவிடுகிறார்கள். அப்போது பலன் ஒன்றும் தெரிந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் வாசனை நரம்பு புதிதாக முளைத்து மூளையைத் தொட மாதங்கள் எடுக்கும்.

காபியில் சாக்கடை நாற்றம் அடித்தால்

இரண்டு மூன்று மாதம் கழித்து, வாசனை திரும்புகிற நேரத்தில், சிலருக்குப் புது வேதனை தொடங்கும். காபி, வதக்கிய வெங்காயம், பூண்டு, முட்டை, பொரித்த கோழி, பற்பசை எல்லாமே அழுகியதும் கருகியதும் கலந்த நாற்றமாக மாறும். கொஞ்சம் கொஞ்சமாக மீளும் நரம்பு, மணத்தின் சில மூலக்கூறுகளை மட்டும் பிடித்துத் தவறாகச் சொல்கிறது. காபியில் இருக்கும் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் முக்கியத் தூண்டுகோல் என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் காட்டினார்கள். நரம்பு வளர்கிறது என்பதன் அடையாளமாகவே மருத்துவர்கள் பலர் இதைப் பார்க்கிறார்கள்.

நம் சமையலில் தாளிப்பும் வதக்கலும் இல்லாத நாளே கிடையாது என்பதால் இது நமக்குக் கூடுதல் கஷ்டம். பாதிக்கப்பட்டவர் வதக்கும் நேரத்தில் மொட்டைமாடிக்கோ வெளியிலோ போகட்டும்; புகைபோக்கி விசிறி ஓடட்டும். சூடு ஆறிய உணவில் நாற்றம் குறைவு. தயிர் சாதம், நீராகாரம், வெங்காயம் பூண்டு இல்லாத கூட்டு, ஆறிய இட்லி, இளநீர், பழங்கள், பனீர் இவை பலருக்கு இறங்கும். எது இறங்கியது, எது குமட்டியது என்று நோட்டில் இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். குமட்டியதை மாதம் ஒருமுறை ஒரு வாய் மட்டும் முயன்று பாருங்கள். முகர்தல் பயிற்சியைத் தொடருங்கள், நாறும் புட்டியை மட்டும் மாற்றிவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

ஸ்டீராய்டு மாத்திரையைத் தெரிந்தவர் சொன்னார் என்று வாங்கிச் சாப்பிடாதீர்கள். வாசனை இழப்புக்கு அது உதவும் என்று உறுதியாகவில்லை. சர்க்கரையை ஏற்றும், கருப்புப் பூஞ்சைக்குக் கதவைத் திறக்கும்.

மூக்கில் போடும் துத்தநாக ஜெல் வாசனையை நிரந்தரமாகவே பறிக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரித்தது. துத்தநாக மாத்திரையும் குறைபாடு இருந்தால்தான் உதவும். மாதக்கணக்கில் தானாக விழுங்கினால் உடம்பில் தாமிரம் குறையும்.

மூக்கை உப்புத் தண்ணீரால் கழுவுவது அடைப்புக்கு நல்லது. ஆனால் குழாய்த் தண்ணீரிலோ கிணற்று நீரிலோ செய்யவே கூடாது. மூக்கு வழியே மூளைக்குப் போகும் அமீபா 2024-இல் கேரளத்தில் பலரைத் தாக்கியது. தண்ணீரை ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள், அல்லது மருந்துக்கடையின் சலைன் வாங்குங்கள்.

ஆவி பிடித்தால் வாசனை நரம்பு வளராது. அடைப்புக்காகப் பிடித்தாலும் குழந்தைகளைக் கொதிக்கும் பாத்திரத்தின் பக்கம் உட்கார வைக்காதீர்கள். வெந்துபோன பிள்ளைகள் ஏராளம்.

சிகரெட் பிடிப்பவர்கள் இந்தச் சமயத்தில் விட்டுவிடுங்கள். மூக்கின் உள்தோல் ஆற வேண்டும்.

மருத்துவரிடம் எப்போது, எப்படி

நான்கு வாரம் ஆகியும் முன்னேற்றம் இல்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரே நாசியில் மட்டும் இழப்பு அல்லது ரத்தம், எடை குறைவு, இல்லாத நாற்றம் அடித்து அப்போது நினைவு தடுமாறுவது இவை இருந்தால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம்.

போகும்போது நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய நாள், சோதனையில் என்ன தெரிந்தது, வாராந்திர மதிப்பெண், எடை, சாப்பிடும் எல்லா மருந்தும், நாட்டு மருந்து உட்பட. மருத்துவர் மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கில் விட்டுப் பார்க்கலாம். சதை வளர்ச்சியோ பழைய சைனஸ் தொல்லையோ இருந்தால் தெரிந்துவிடும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

"கொரோனா வந்துச்சு, டேஸ்ட் இல்ல" என்று மட்டும் சொன்னால் நெரிசலான வெளிநோயாளிப் பிரிவில் வைட்டமின் சீட்டுடன் திரும்ப நேரலாம். "சர்க்கரையும் உப்பும் தெரிகிறது, காபி மணம் இரண்டு நாசியிலும் தெரியவில்லை, ஆறு வாரம் ஆகிறது, மூன்று கிலோ குறைந்திருக்கிறேன், முகர்தல் பயிற்சி செய்து வருகிறேன்" என்று சொல்லுங்கள். மனம் சோர்ந்து தூக்கம் கெட்டிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வயதானவரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் நோட்டை நீங்கள் வைத்துக்கொண்டு, பேசுவதற்கு முதலில் அவரை விடுங்கள். அவர் மறந்ததை மட்டும் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.